உறக்கம் திரும்பிய வீடு

ஆரணியில் ஒரு வீட்டின் தறியோசை பகலில் நின்றுவிட்டால், என்ன நேர்ந்ததோ என்று அடுத்த வீட்டார் எட்டிப் பார்ப்பது வழக்கம். எங்கள் வீட்டில் நேர்ந்ததோ அதற்கு நேர்மாறானது. 2015-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், நள்ளிரவு கடந்த பின்னும் எங்கள் தறி ஓயவில்லை. குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்துகொண்டிருந்தவன், அப்போது பதினோராம் வகுப்பில் பயின்றுவந்த எங்கள் மூத்த மகன். ஆறு நாள் வேலையை மூன்றே நாளில் முடித்தான். அதைக் கண்டு நானும் என் கணவரும் கலங்கினோமா என்றால், இல்லை, மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் என் நெஞ்சு சுடுகிறது. அதைக் குறித்தே இங்கு எழுதத் துணிந்தேன். எழுதலாம் என்று என் மகனும் இசைவு தந்தான். தன் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டாம் என்றான்.

நான் ஒரு தமிழாசிரியை. பிள்ளைகளின் மனத்தை அறிந்தவள் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. ஆயினும் என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் மனத்தை நான் அறியவில்லை. அதே ஆண்டின் கோடையில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின், அவன் இரண்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. உண்ணவும் குளிக்கவும்கூட அவனை வற்புறுத்த வேண்டியிருந்தது. "எனக்கு எதுவும் வேண்டாம் அம்மா" என்பான். நாங்கள் அதைச் சோம்பல் என்றோம். பரம்பரைத் தொழிலைச் செய்ய வெட்கப்படுகிறான் என்று அவன் தந்தை கடிந்துகொண்டார். நானும் ஊமையாய் நின்று அதற்கு உடன்பட்டேன்.

ஆகவே, ஐப்பசியில் அவன் துள்ளியெழுந்தபோது எங்கள் செபம் கேட்கப்பட்டது என்றே எண்ணினோம். இரவில் இரண்டு மணி நேரம் உறங்குவான். ஆனால் களைப்பே இராது. புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் புதுப்புது வடிவங்களை வரைந்து குவித்தான். வாய் ஓயாமல் பேசினான். ஒரு பேச்சு முடியுமுன் மற்றொன்றுக்குத் தாவினான். ஆரணிப் பட்டைப் பாரிஸ் நகரத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். "என் பிள்ளை விழித்துக்கொண்டான்" என்று அவன் தந்தை தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். பின்னர் எங்களைக் கேளாமலே கடையில் கடனாக ஜரிகை வாங்கிய செய்தி வந்தது. தன் மிதிவண்டியை அறிமுகமற்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அதைப்பற்றிக் கேட்ட தந்தையின்மேல் சீறினான். ஓர் இரவு கதவு திறந்துகிடந்தது. விடியற்காலையில் கண்ணமங்கலத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் அவனை உட்காரவைத்து, அவனிடம் எண்ணைக் கேட்டு எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். வெறுங்காலுடன் இரவெல்லாம் நடந்து வேலூர்ச் சாலையில் சென்றிருக்கிறான். பாதமெல்லாம் புண், முகத்திலோ ஒரே களிப்பு.

அதன்பின் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. செய்வினை என்றார் ஒருவர். கால்கட்டுப் போட்டால் சரியாகும் என்றார் மற்றொருவர். ஒரு முதியவர், தூரத்து ஊர் ஒன்றில் இத்தகையோரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், சங்கிலியிட்டால் ஓடமாட்டான் என்றார். சங்கிலி என்ற சொல்லைக் கேட்டதும் என் உடல் நடுங்கியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டதை நான் மறந்தவளல்லள். எங்கள் பங்குத் தந்தையிடம் சென்று அழுதேன். அவர் நீண்ட அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "செபத்தை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் செல்வதையும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல" என்றார். மறுநாளே புறப்பட்டோம்.

ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே பாகாயத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல மையம் 1957 முதல் இயங்கி வருகிறது. உள்ளே தங்கிச் சிகிச்சை பெறுபவருடன் குடும்பத்தாரில் ஒருவரும் தங்கவேண்டும் என்பது அங்குள்ள முறை. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப எண்ணியிருந்த எனக்கு முதலில் அது வியப்பளித்தது. பின்னர்தான் அதன் வரலாற்றை அறிந்தேன். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர், நோயாளிகளின் உறவினரையும் வரவழைத்து, வளாகத்தில் கூடாரமடித்து அவர்களுடனே தங்கச் செய்தாராம். நோயாளிகள் விரைவில் தேறினர். வீட்டாரும் நோயின் தன்மையைக் கற்றுக்கொண்டு திரும்பினர். பல நாடுகளில் மனநோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்துவைத்திருந்த காலத்தில், நம் நாட்டு மருத்துவர் ஒருவர் குடும்பத்தையே மருந்தாக்கினார்.

எங்கள் மகனுக்கு வந்திருப்பது இருமுனைக் கோளாறு என்று மருத்துவர் சொன்னார். மனம் ஒரு காலம் அளவுகடந்த எழுச்சியிலும் மற்றொரு காலம் அளவுகடந்த சோர்விலும் சென்று நிற்கும். இடையிடையே முற்றிலும் தெளிந்த காலங்களும் உண்டு. கோடையில் அவன் படுத்துக்கிடந்ததும், ஐப்பசியில் பறந்ததும் ஒரே நோயின் இரு முகங்கள். பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ, அதாவது பிள்ளைகள் கல்லூரி வாயிலை நெருங்கும் பருவத்தில்தான் அது தலைகாட்டுமாம். உலகில் 2019-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "நாங்கள் வளர்த்த விதத்தில் பிழையோ?" என்று கேட்டேன். "இல்லை அம்மா. குடும்பவழியாக வரும் நாட்டம் ஓரளவு உண்டு. ஆனால் அது யாருடைய குற்றமும் அன்று" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தலைகுனியச் செய்தது: "உறக்கம் குறைந்து எத்தனை நாள் கழித்து இங்கு வந்தீர்கள்?" ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நாங்கள் புடவை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவனுக்குத் தரப்பட்ட மருந்துகளில் முதன்மையானது லித்தியம். பாறைகளிலிருந்தும் உவர்நீரிலிருந்தும் கிடைக்கும் ஓர் உலோகத்தின் உப்பு அது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மிகையெழுச்சியுற்ற பத்து நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். முக்கால் நூற்றாண்டு கடந்தும் அதன் மதிப்புக் குறையவில்லை. ஆனால் அளவு தவறினால் நஞ்சாகும் மருந்து அது. ஆகவே கடைசி மாத்திரை உட்கொண்ட 12 மணி நேரத்துக்குப்பின் குருதி எடுத்து அளந்து பார்ப்பர். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும். குடிக்கும் நீரும் உண்ணும் உப்பும் திடீரெனக் குறையலாகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். சில வலிநிவாரண மாத்திரைகள் குருதியில் லித்தியத்தை மிகுவிக்கும் என்பதால், கேளாமல் அவற்றை வாங்கித் தரக்கூடாது. தவக்காலத்தில் நீரும் உப்புமின்றி அவன் நோன்பிருக்கவும் கூடாது என்று அறிந்துகொண்டேன்.

நான்கு வாரத்தில் மகனை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அவ்வாண்டுப் படிப்பு வீணாயிற்று. பதினோராம் வகுப்பை மறுபடி பயின்றான். உறங்கினான், உண்டான், அமைதியாகப் பேசினான். இறைவனுக்கு நன்றி சொல்லவேண்டிய நான், மனத்துக்குள் ஒரு குறையை வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுடர் எங்கே? இரவில் வடிவங்களை வரைந்து குவித்த கை எங்கே? இவன் சாதாரணப் பிள்ளையாகிவிட்டானே! அவன் தந்தையும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் அதையே எண்ணினார் என்பதை நான் அறிவேன்.

2018-இல் கல்லூரியில் கணினி அறிவியல் வகுப்பில் சேர்ந்தான். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. கணினியும் இருக்கிறது, இல்லை என்ற இரண்டைக் கொண்டே எண்ணுகிறது என்று அவன் தந்தைக்கு விளக்கியபோது, தந்தை முகம் மலர்ந்தது. விடுதியில் தங்கி முதலாண்டை நல்ல முறையில் முடித்தான்.

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். திருமண மாதங்களுக்கான வேலை குவிந்துகிடந்தது. தந்தைக்கு உதவியாக அவன் தறியில் அமர்ந்தான். பாவில் ஓர் இழை அறுந்தது. அதைப் பிணைக்க முயன்றான், முடியவில்லை. விரல்கள் மெல்ல நடுங்கின. லித்தியம் உட்கொள்வோர் சிலருக்கு அத்தகைய நடுக்கம் வருவதுண்டு. பட்டிழை மயிரினும் மெல்லியது. மூன்று முறை முயன்றான். அவன் தந்தை ஒன்றும் சொல்லாமல் வந்து, அவனை நகர்த்திவிட்டுத் தாமே பிணைத்தார். பின் வெளியே சென்று திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

அன்றிரவு மகனிடம், "மூன்றாண்டுக்கு மேலாக நன்றாகத்தானே இருக்கிறாய்? சிறிது நாள் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போமா?" என்று கேட்டவள் நான்தான். அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீ சொன்னால் சரி அம்மா" என்றான். மருத்துவரிடம் நாங்கள் சொல்லவில்லை. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் விரைந்து திரும்பக்கூடும் என்பதை அப்போது நான் அறியேன், அறிந்துகொள்ளவும் முயலவில்லை. நடுக்கம் நின்றது. ஒரு மாதம் அவன் இழை பிணைப்பதைப் பார்த்து நாங்கள் பெருமிதம் கொண்டோம்.

ஆகஸ்டில் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நான்கு இரவுகளாக உறங்காமல், விடுதி அறைகளின் கதவைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருக்கிறானாம். அழைத்துச் செல்லுங்கள், பெயரை நீக்கிக்கொள்வது நல்லது என்றனர். நாங்கள் சென்றபோது, உடன் பயிலும் மாணவர் சிலர் தம் கைப்பேசியில் அவனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அவன் அவர்களுக்குச் சிரித்துக்காட்டிக்கொண்டிருந்தான். தாய் ஒருத்தி தன் வாழ்நாளில் காணக்கூடாத காட்சி அது. அதற்குக் காரணம் என் வாயிலிருந்து பிறந்த ஒரு சொல்.

மீண்டும் பாகாயம். எழுச்சி அடங்கியதும் சோர்வு வந்தது. முன்னதைவிட ஆழமான சோர்வு. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். ஒருநாள் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, சாவைப்பற்றிய எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேராகக் கேட்கும்படி சொன்னார். கேட்டால் அவ்வெண்ணத்தை நானே விதைத்ததாகிவிடாதா என்று அஞ்சினேன். "அப்படி ஆகாது. கேளாமலிருப்பதுதான் அவனைத் தனியே விடுவது" என்றார். கேட்டேன். "ஆம்" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொன்னபின் நெடுநேரம் அழுதான். அன்றுமுதல் பல இரவுகள் அவன் கையைப் பற்றியபடியே உறங்கினேன்.

சற்றுத் தேறியபின் ஒரு மாலை, வளாகத்து மரநிழலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது என் குற்றம் என்றேன். அவன் சினக்கவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னான்: "அம்மா, அந்த இரவுகளில் நெய்தவனைத்தான் உங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் அவனால் நெடுநாள் உயிரோடு இருக்க முடியாதம்மா."

நான் ஒரு நோயை நேசித்து, பிள்ளையைக் குறைகூறிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. மறுநாள் அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் மருத்துவரிடம் சென்று கைநடுக்கத்தைப்பற்றி வாய்திறந்து கேட்டார். மருந்தின் அளவைச் சிறிது மாற்றி, நடுக்கத்துக்கென மற்றொரு மாத்திரையும் தந்தனர். பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் ஓராண்டு வீணாகியிராது. அவன் அவமானப்பட்டும் இருக்கமாட்டான்.

பெயரை நீக்கும்படி சொன்ன கல்லூரியில், பேராசிரியர் ஒருவர் மட்டும் எங்களுக்காகப் பேசினார். மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்தோம். அடுத்த ஆண்டு தொடரலாம் என்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது என்பதையும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது என்பதையும் அப்பேராசிரியரே எங்களுக்குச் சொன்னார். சட்டம் நம் பக்கம் நிற்கிறது என்று அறிந்தவருக்கு விண்ணப்பம் எழுதும் கையில் நடுக்கம் குறைகிறது.

2020 மார்ச்சு இறுதியில் கொள்ளைநோய் காரணமாக ஊரடங்கு வந்தது. ஊரில் தறிகள் ஓய்ந்தன. வருவாய் நின்றது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த அமைதியில் ஓர் ஒழுங்கு பிறந்தது. இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பது முழுக் குடும்பத்துக்கும் சட்டமாயிற்று. உறக்கக்குறைவே மிகையெழுச்சியைத் தூண்டவல்லது என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவிலும் அவன் கண்விழிப்பதில்லை. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் உறங்கிய நேரத்தையும் மனநிலையையும் குறித்துவந்தான். தெளிவாயிருந்த ஒருநாளில் அவனே ஒரு தாளில் எழுதித் தந்தான்: "தொடர்ந்து இரண்டு இரவு நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கினால், நான் மறுத்தாலும் என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் பணத்தை அம்மாவிடம் கொடுங்கள். என்னை ஏளனமாகப் பேசாதீர்கள்." அந்தத் தாள் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. நோயுறும் காலத்தில் தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதை வயதுவந்த ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தருகிறது. நானோ மாத்திரை டப்பாவை அவன் பொறுப்பிலேயே விட்டேன். "சாப்பிட்டாயா?" என்று நாளுக்குப் பத்துமுறை கேட்பதை நிறுத்துவது, நான் செய்த நோன்புகளிலெல்லாம் கடினமான நோன்பு.

அந்நாள்களில் அவன் எனக்கு ஒரு பெண்மணியைப்பற்றிச் சொன்னான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை கே ரெட்ஃபீல்டு ஜேமிசன். இருமுனைக் கோளாற்றைப்பற்றி மருத்துவர்கள் பயிலும் பாடநூலை எழுதியவர்களுள் ஒருவர். தமக்கே அந்நோய் உண்டு என்பதையும், லித்தியத்தை ஏற்க மறுத்துத் தாம் பட்ட துன்பத்தையும் 1995-இல் ஒரு நூலில் வெளிப்படையாக எழுதினார். "அவ்வளவு கற்றவர்க்கே அப்படி நேர்ந்ததென்றால், நமக்கு நேர்ந்ததில் வியப்பில்லை அம்மா" என்றான். மன்னிப்பை அவன் எனக்கு அளித்த விதம் அது.

2022-இல் பட்டப்படிப்பை முடித்தான். உடன் சேர்ந்தவர்களைவிட ஓராண்டு தாமதம். தங்கப் பதக்கமில்லை, இரண்டு பாடங்களை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினான். ஆனால் இறுதி ஆண்டில் ஒருநாள் அவனே துறைத்தலைவரிடம் சென்று, "ஐயா, எனக்கு இரண்டு நாளாக உறக்கம் சரியில்லை. ஒரு வாரம் விடுப்புத் தாருங்கள், மருத்துவரைப் பார்த்து வருகிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, தனியே பேருந்தேறிப் பாகாயம் சென்று திரும்பினான். எங்களுக்குப் பிறகுதான் சொன்னான். அந்த வாரம் எந்த விபரீதமும் நேரவில்லை. என்னைக் கேட்டால், பட்டம் அளித்த நாளைவிட அந்த நாளையே அவனுடைய வெற்றித் திருநாள் என்பேன்.

இன்று ஆரணியிலேயே, ஜக்கார்டுக்கு வேண்டிய புடவை வடிவங்களைக் கணினியில் வரைந்து தருகிறான். வேலை மாலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். முந்தைய வேகம் இல்லை. ஆனால் தொடங்கியதை முடிக்கிறான். எப்போதாவது சோர்வின் நிழல் படிவதுண்டு. மாத்திரையும் குருதிச் சோதனையும் தொடர்கின்றன. நோய் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதனோடு வாழ எங்கள் வீடு கற்றுக்கொண்டது.

பெற்றோரே! உங்கள் பிள்ளை திடீரெனப் படுத்துவிட்டால் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். உறக்கமின்றிப் பறந்தால், அது எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், மகிழ்ந்து நிற்காதீர்கள். மருந்தால் ஒரு துன்பம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கு செல்வது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய அந்த மனநலச் சேவையில் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

நேற்றிரவு பத்தரை மணிக்கு வழக்கம்போல் விழித்துக்கொண்டேன். வீடு இருண்டிருந்தது. கூடத்தில் தறி ஓய்ந்திருந்தது. அடுத்த அறையிலிருந்து என் மகன் மூச்சுவிடும் ஓசை சீராகக் கேட்டது. ஒரு காலத்தில் நள்ளிரவுத் தறியோசையைக் கேட்டுப் பெருமிதம் கொண்டவள், இப்போது அந்த மூச்சோசையைக் கேட்டு இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.